கழகத்தை ஏற்க வருபவரின் பழைய கணக்கை எப்படிப் பார்ப்பது?

கல்லுக்கட்டிக்காரன் கேட்கிறார்:

காரைக்குடியில் 1983-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ஒரு கால்பந்துக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கழகத்தின் பெயரையும், அதை ஏற்று நடத்த முன்வந்திருப்பவரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அவர் இதுவரை எங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் சிக்கல்.

மூன்று வயதுப் பிரிவுகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் எங்களிடம் ஆடுகிறார்கள். மாதச் சந்தா இருநூறு ரூபாய். அதையும் பாதிப் பேர் கட்டுவதில்லை, கட்டாதவர்களை நாங்கள் நிறுத்துவதும் இல்லை. பொங்கல் தொடருக்காக நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் அலைவதும், பயிற்சியாளருக்கு மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டிய தொகையைத் தேடுவதும் என் வேலையாகிவிட்டன. நாங்கள் ஆடும் இடம் ஒரு பழைய குடும்பத்துப் பங்காளிகளுக்கு உரிய செம்மண் பொட்டல். அவர்களுடைய ஐயா காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்தது. எழுத்து என்று எதுவும் இல்லை.

இப்படி இருக்கையில் வெளி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வீட்டுமனை வணிகம் செய்கிறார், இரண்டு பள்ளிகள் நடத்துகிறார். செயற்கைப் புல் தரை, மின்விளக்குக் கோபுரங்கள், வெளிநாட்டுப் பயிற்சியாளர், மூன்று ஆண்டுகளில் சென்னை லீக்கில் ஓர் அணி என்று வரிசையாகச் சொன்னார். ‘ஸ்பான்சர்’ என்ற சொல்லை அவர் ஒருமுறையும் பயன்படுத்தவில்லை. ‘ஓனர்’ என்றுதான் சொல்கிறார். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் அன்றிரவே மயங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் நாதசுரம், பொன்னாடையோடு வரவேற்பு விழா என்று முடிவாகி, பேருந்து நிலையத்துக்கு அருகில் பதாகையும் வைத்தாயிற்று.

அவர் இதற்கு முன்பு ஒரு கபடி அணியை இரண்டு ஆண்டுகளும், வேறோர் ஊரில் ஒரு கால்பந்துப் பயிற்சி மையத்தை மூன்று ஆண்டுகளும் நடத்தியிருக்கிறார். இரண்டும் இப்போது இல்லை. ஏன் என்று கேட்டால், கூட்டாளிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். இருக்கலாம். இணையத்தில் தேடினால் கோப்பையோடும் பிரமுகர்களோடும் நிற்கும் படங்கள்தாம் கிடைக்கின்றன. ஒரு மனிதரின் முந்தைய நடவடிக்கைகளை எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் எப்படி ஆராய்வது, எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அவரை விரட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் வரவேற்றுவிட்ட பிறகு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்பதை இந்த ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை ஆடிட்டர் எழுதுகிறார்:

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது கால்பந்துக் கேள்வி போலத் தெரிந்தாலும் நம் பக்கத்து வீடுகளில் நூறாண்டுகளாகக் கேட்கப்பட்டுவந்த கேள்விதான். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போனவர்களில் ஒருவர். மூன்றாண்டுச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு போன ஒரு மேலாள் (கடையை நடத்தும் முகவர்), இன்னொரு கடைக்கு வேலைக்கு வந்தால், எவ்வளவு இலாபம் ஈட்டினார் என்பதை முதலாளி பிறகுதான் கேட்பாராம். முதலில் கேட்பது, பழைய கடையின் பெட்டிச்சாவியை அடுத்தவரிடம் கொடுத்தபோது வாராக் கடனை மறைக்காமல் ஐந்தொகையில் (இருப்புநிலைக் கணக்கில்) காட்டிவிட்டு வந்தாரா என்பதைத்தான். நல்ல ஆண்டில் எல்லோருடைய பேரேடும் அழகாகத்தான் இருக்கும் என்று அப்பத்தா சொல்வார்.

ஆகவே, இவர் கபடி அணியை எப்படித் தொடங்கினார் என்பதை விட்டுவிட்டு, எப்படி முடித்தார் என்பதைத் தேடுங்கள். கடைசி ஆறு மாதங்களில் யாருக்குப் பணம் போயிற்று, யாருக்குப் போகவில்லை என்பதில்தான் மனிதரின் முகம் தெரியும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கழகம் 2008-இல் எப்.ஏ. கோப்பையை வென்றது. 2009-10 பருவத்தில் மட்டும் அதன் உரிமை நான்கு பேர் கைமாறியது. 2010 பிப்ரவரியில், அந்நாட்டின் முதல் பிரிவான பிரீமியர் லீக் கழகங்களில் முதலாவதாக அது கடன் நிர்வாகியின் பொறுப்புக்குப் போய், ஒன்பது புள்ளிகளையும் இழந்தது. கடன்காரர்களின் பட்டியல் வெளியானபோது பெரிய வங்கிகளோடு உள்ளூர்ச் சிறு வணிகர்களும், ஆட்டத்தன்று முதலுதவிக்கு நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் அதில் இருந்தார்கள். அங்கே நடைமுறை என்னவென்றால், பிற கழகங்களுக்கும் வீரர்களுக்கும் சேர வேண்டியதை முழுதாகக் கொடுத்தால்தான் லீக்கில் தொடர முடியும். மற்றவர்களுக்கு மிச்சத்தில் பங்கு; போர்ட்ஸ்மவுத்தில் அது பவுண்டுக்கு 20 பென்ஸ் என்று ஒப்பந்தமாயிற்று. கோப்பையைத் தூக்கிய வீரருக்கு முழுத் தொகை, துணி வெளுத்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு.

பெரி என்ற ஊரின் கழகம் 1885-இல் தோன்றியது. 2018 டிசம்பரில் அதை ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அவர் இயக்குநராக இருந்த நிறுவனங்களில் மிகப் பல மூடப்பட்டவை என்பது அந்நாட்டு நிறுவனப் பதிவகத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய செய்தி. பெரியில் ஒரு கால்பந்துக் கழகம் இருப்பதே தமக்குத் தெரியாது என்று அவரே பின்னாளில் சொன்னார். கழகம் 2019 ஆகஸ்டு 27 அன்று லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. சம்பளம் இல்லாமலேயே ஆடிய வீரர்கள் அந்த ஆண்டுதான் அணியை மேல்பிரிவுக்கு உயர்த்தியிருந்தார்கள் என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அங்கே விதிமுறை இல்லாமல் இல்லை. உரிமையாளர்களுக்கான தகுதிச் சோதனை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சான்று கைக்கு வருவதற்கு முன்பே கைமாற்றத்தை அனுமதித்ததுதான் பிழை. இப்போது 2025-இல் தனிச் சட்டம் இயற்றி, கட்டுப்பாட்டு ஆணையம் ஒன்றையே அமைத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் பார்க்க வேண்டியதைப் பார்க்கலாம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிறதா, பதிவிலிருந்து நீக்கப்பட்டதா, கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தது, சொத்தை எந்த வங்கியில் அடகு வைத்திருக்கிறது என்பன தெரியும். சிறு கட்டணம் செலுத்தினால் வரவு செலவு அறிக்கையையே எடுக்கலாம். வீட்டுமனைக்காரர் என்றால் தமிழ்நாடு ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் அவருடைய திட்டங்களும், புகார்களின் மீதான ஆணைகளும் இருக்கும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைத் தேடினால் காசோலை வழக்குகள் அகப்படும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் தகப்பனார் பெயரையும் முகவரியையும் ஒப்பிடாமல் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் தளத்தில், ஒரு நிறுவனம் மாதந்தோறும் ஊழியர்களுக்கான தொகையைக் கட்டியிருக்கிறதா என்பதை எவரும் பார்க்கலாம். அவருடைய இரண்டு பள்ளிகளுக்கும் பாருங்கள். ஆசிரியர்களின் பி.எஃப். தொகையை ஏழு மாதம் தள்ளிக் கட்டுபவர், உங்கள் கோல்கீப்பர் பயிற்சியாளருக்கு முதல் தேதியில் கொடுக்கப் போவதில்லை.

ஈப்போவாசி எழுதுகிறார்:

பூர்வீகம் கண்டனூர், பிறந்ததும் வளர்ந்ததும் மலேசியாவின் ஈப்போவில். ஆடிட்டர் ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், என்றாலும் ஒரு திருத்தம் வேண்டும். கணக்குச் சுத்தமாக இருப்பவரும் கழகத்தைக் கெடுக்கலாம்.

புனேயின் வெங்கீஸ் நிறுவனத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. கோழித் தொழிலில் இந்தியாவில் அவர்களுக்கு நிகர் குறைவு. 2010 நவம்பரில் சுமார் 23 மில்லியன் பவுண்டுக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கினார்கள். 1995-இல் பிரீமியர் லீக்கை வென்ற கழகம் அது. வாங்கிய ஒரு மாதத்துக்குள் சாம் அல்லர்டைஸ் என்ற பழுத்த மேலாளரை நீக்கிவிட்டு, தலைமைப் பொறுப்பில் அனுபவமே இல்லாத உதவியாளரை அமர்த்தினார்கள். 2012-இல் அணி தரமிறங்கியது. அதை உறுதிசெய்த ஆட்டத்தில் யாரோ ஓர் உயிர்க்கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். அடுத்த பருவத்தில் ஒரு மேலாளர் 57 நாள், அடுத்தவர் 67 நாள் என்று போனார்கள். 2017-இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது. இத்தனைக்கும் அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. ஆண்டுதோறும் நட்டத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தெரியாத தொழிலில் யாருடைய பேச்சைக் கேட்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. வாங்குவதற்கு முன்பு ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?’ என்பதாக இருந்திருக்கக் கூடாது. ‘கால்பந்தில் உங்களுக்கு யோசனை சொல்பவர் யார், அந்த யோசனையால் அவருக்கு என்ன ஆதாயம்?’ என்பதாக இருந்திருக்க வேண்டும்.

அதே 2010-ஆம் ஆண்டில் எங்கள் நாட்டு வணிகர் வின்சென்ட் டான், வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கழகத்தின் பொறுப்பை ஏற்றார். நூறாண்டுகளுக்கும் மேலாக நீல உடையில் ஆடிய அணிக்கு 2012-இல் சிவப்பு உடை அணிவித்தார். ஆசியாவில் சிவப்பு அதிர்ஷ்டமான நிறம், விற்பனைக்கும் உதவும் என்பது அவர் கணக்கு. அந்தப் பருவத்திலேயே அணி வென்று, 1962-க்குப் பிறகு முதன்முறையாக முதல் பிரிவுக்கு ஏறியதுதான் வேடிக்கை. வென்ற பிறகும் ரசிகர்களுக்கு ஆறவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. மலேசியாவில் நாங்கள் அப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். பணம் போட்டவருக்கு நிறத்தை மாற்ற உரிமை இல்லையா என்று என் மாமா கேட்டார். குன்றக்குடி தேருக்கு யார் பணம் கொடுத்தாலும் முருகனை மாற்றி உட்கார வைக்க முடியுமா என்று நான் கேட்டேன். ஒரு வாரம் பேச்சு இல்லை.

இன்னொரு செய்தி. வெங்கீஸுக்கு முன்னால் அதே 2010-இல் பஹ்ரைனிலிருந்து இயங்கிய இந்திய வணிகர் ஒருவர் பிளாக்பர்னை வாங்க முயன்றார். பி.பி.சி. அவருடைய பழைய கடன்களைக் கிளறியதும் அந்தப் பேச்சு நின்றது. சில மாதங்களில், 2011 ஜனவரியில், அதே மனிதரை ஸ்பெயினின் ராசிங் சான்டான்டெர் கழகத்தில் கைதட்டி வரவேற்றார்கள். அவ்வாண்டு ஜூலைக்குள் கழகம் திவால் நடைமுறைக்குள் போய்விட்டது. 2012-இல் தரமிறங்கி, 2013-இல் மேலும் ஒருபடி இறங்கியது. அவர் போன பின்னும் சீர்கேடு தொடர்ந்து, 2014 ஜனவரியில் சம்பளம் கிடைக்காத வீரர்கள் கோப்பைக் காலிறுதியில் விசில் ஊதியதும் நடுவட்டத்தில் கைகோத்து நின்று ஆட மறுத்தார்கள். ஓர் ஊர் விசாரித்துக் கதவைச் சாத்தியது, இன்னோர் ஊர் அதே செய்தியைப் படிக்காமல் மாலை போட்டது. உங்கள் ஆள் இதற்கு முன் எந்தெந்த ஊரில் பேசி முடியாமல் திரும்பினார் என்றும் விசாரியுங்கள். முடிந்த பேச்சைவிட முறிந்த பேச்சு அதிகம் சொல்லும்.

பள்ளத்தூர் பயிற்சியாளர் எழுதுகிறார்:

நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவள். இப்படிப்பட்ட மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை.

தொடக்க விழாவுக்குச் செய்த செலவில் எங்கள் எல்லோருக்கும் ஓராண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம். ஐந்து மாதச் சம்பளம் நின்றபோது அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. அதைக்கூட மறந்துவிடலாம். என்னிடம் ஆடிய பிள்ளைகள் அந்த மையத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். வேறு கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய கழகத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று. அந்த வயதில் ஒரு பருவம் என்பது எவ்வளவு என்று ஆடியவர்களுக்குத் தெரியும். செயற்கைப் புல் தரையைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் இடத்தில் விரித்துவிட்டார்கள். அதற்கு அடியில் இருந்த நல்ல மண் தரையும் போயிற்று. ஜல்லி கொட்டிய இடத்தில் யார் ஆடுவது?

ஆகையால் ஐயா, அவர் முன்பு அணி நடத்திய ஊருக்கு நேரில் போங்கள். முன்னாள் தலைவர், பொருளாளர் ஆகியோரைப் பார்க்காதீர்கள். அவர்களுக்குச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் காரணங்கள் இருக்கும். களத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர், வேன் ஓட்டியவர், பிள்ளைகளுக்கு முட்டையும் சுண்டலும் கொடுத்த அக்கா, வலைக்கம்பம் அடித்துக் கொடுத்த பட்டறைக்காரர் இவர்களிடம் கேளுங்கள். கடைசியாகக் காசு வந்தது எந்த மாதம் என்பதைத் தேதியோடு சொல்வார்கள். என்னைக் கேட்டாலும் சொல்வேன்.

கோட்டையூர்வாசி எழுதுகிறார்:

எல்லோரும் சேர்ந்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஆனால் அவர் வராவிட்டால் இந்தக் கழகத்தின் கதி என்ன என்பதை யாரும் எழுதவில்லை. செயலாளர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நன்கொடைப் புத்தகத்தைச் சுமப்பார்?

பழைய நடவடிக்கையை வைத்து எல்லாவற்றையும் கணித்துவிட முடியும் என்பதையும் நான் ஏற்கவில்லை. பஞ்சாபில் பக்வாடாவின் ஜே.சி.டி. கால்பந்து அணி முதல் தேசிய லீக்கையே வென்றது. பின்னால் இருந்தது பேர்பெற்ற ஆலை. மும்பையின் மஹிந்திரா யுனைடெட்டின் பின்னால் இருந்த குழுமத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மஹிந்திரா 2010-இலும் ஜே.சி.டி. 2011-இலும் மூடப்பட்டன.  கால்பந்து போதும் என்று முதலாளிகள் ஒருநாள் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். நம் மாநிலத்துக்கு வந்தால், 2018-19-இல் ஐ-லீக் என்ற தேசியத் தொடரின் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி இன்று அந்த லீக்கிலேயே இல்லை. மாறாக, தாய்லாந்தின் விச்சாய் 2010-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியை வாங்கியபோது அவருக்குக் கால்பந்தில் என்ன பெயர் இருந்தது? விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்தியவர். கொடுத்த கடனைப் பங்காக மாற்றிக் கழகத்தின் சுமையை இறக்கினார். 2016-இல் யாரும் கனவிலும் நினைக்காத பிரீமியர் லீக் பட்டம் வந்தது. 2018-இல் அவர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அந்த ஊரே மைதானத்து வாசலில் பூக்களைக் குவித்தது. அன்று நீங்கள் சொல்லும் சோதனையை வைத்திருந்தால் அவர் தேறியிருப்பாரா?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளல் அழகப்பர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தபோது ஐந்தொகையை எடுத்துவா என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் சிக்ரி இங்கே வந்திருக்குமா?

தேவகோட்டை ஆடிட்டர் எழுதுகிறார்:

கோட்டையூர் நண்பர் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். அழகப்பரை அவர் இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் நிலையம் திறக்கப்பட்டது, அது நாட்டின் சொத்தாயிற்று. கொடுத்த நிலத்துக்கு அவர் ‘ஓனர்’ ஆகவில்லை. கொடுப்பவரிடம் பேரேட்டைக் கேட்பது மரியாதைக் குறைவு. எடுத்துக்கொள்ள வருபவரிடம் கேட்காமல் இருப்பது அசட்டுத்தனம். இவர் கொடுக்க வருகிறாரா, எடுக்க வருகிறாரா என்பதே நமக்கு இன்னும் தெளிவாகவில்லையே.

விச்சாய் விஷயத்தில் நான் மறுக்க மாட்டேன். கால்பந்தில் முன்வரலாறு இல்லாதவர் நன்றாக நடத்தவும் கூடும். ஆனால் நம்மவருக்கு முன்வரலாறு இருக்கிறது, இரண்டு முறை. வெற்றுத் தாளும் கிழிக்கப்பட்ட தாளும் ஒன்றாகா.

ஜே.சி.டி. எடுத்துக்காட்டு எனக்கு வேறொன்றைக் காட்டுகிறது. நல்ல முதலாளியும் ஒருநாள் போய்விடலாம் என்றால், அவர் போன மறுநாள் கழகத்தின் கையில் என்ன மிஞ்சும் என்பதை அவர் வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்கள் கழகம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்று எண்ணுகிறேன். சங்கத்துக்குப் பங்குகள் கிடையாது, ஆகவே அதை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ‘ஓனர்’ ஆவதற்கு இருக்கிற வழி, புதிதாக ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்கி, அணியின் பெயர், வீரர்களின் பதிவு, ஆடும் உரிமை ஆகியவற்றை அதற்கு மாற்றி எழுதி வாங்குவதுதான்.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம், அதன் நூற்றாண்டான 2020-இல், இதே முட்டுச்சந்தில்தான் நின்றது. முந்தைய முதலீட்டாளர் விலகிய பின், ஒரு சிமென்ட் நிறுவனம் அவசரமாக வந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் அதன் நுழைவைக் காப்பாற்றியது. விளையாட்டு உரிமைகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றும் இறுதி ஒப்பந்தத்தில் கழகம் கையெழுத்திட மறுத்தது; 2021 ஜூலையில் ரசிகர்கள் கழக வாசலில் திரண்டு போராடினார்கள்; 2022-இல் அந்த நிறுவனமும் விலகியது. முதலில் கைகுலுக்கிவிட்டுப் பிறகு பத்திரம் படித்ததன் விளைவு. யார் பக்கம் நியாயம் என்பதில் வங்காளிகளே இன்றுவரை ஒத்துப்போகவில்லை, நாம் ஏன் நுழைய வேண்டும்.

நல்ல முன்மாதிரியும் உண்டு, அதுவும் முன்னே சொன்ன போர்ட்ஸ்மவுத்தில்தான். 2013-இல் ரசிகர்களே ஆளுக்கு ஆயிரம் பவுண்டு போட்டுக் கழகத்தை மீட்டார்கள். 2017-இல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது, அவர் ஊருக்கு வந்து கூட்டத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பங்குதாரர்கள் வாக்களித்து ஏற்றார்கள். நிறம், சின்னம், ஊர் ஆகியவற்றை மாற்றுவதைத் தடுக்கும் அதிகாரம் பாரம்பரியக் குழு ஒன்றின் கையில் வைக்கப்பட்டது. 2024-இல் மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறினார்கள். ஏழு ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள்; மூன்று ஆண்டுகளில் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

செயலாளரிடம் ஒரு கேள்வி. அவர் மைதானத்தைப் பற்றி என்ன சொன்னார்? வீட்டுமனைக்காரர் என்று படித்ததிலிருந்தே எனக்கு அது உறுத்துகிறது.

கல்லுக்கட்டிக்காரன் எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் சிலவற்றைச் செய்துவிட்டேன்.

மைதானத்தைப் பற்றி முதல் சந்திப்பில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் சந்திப்பில், நிலத்துக்குரிய பங்காளிகள் எத்தனை பேர், அவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டார். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. ஆடிட்டர் ஐயா கேட்ட பிறகு அந்த மாலை முழுவதையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். புறவழிச்சாலை வந்த பிறகு அந்தப் பொட்டலின் மதிப்பு என்ன என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளத்தூர் ஆச்சி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அவர் கபடி அணி நடத்திய ஊருக்குப் போய்வந்தேன். நான் எதிர்பார்த்த அளவுக்குக் கெட்ட செய்தியும் இல்லை, நல்ல செய்தியும் இல்லை. கபடி வீரர்களுக்குத் தாமதமானாலும் முழுத் தொகை வந்து சேர்ந்திருக்கிறது. தொடர்களின் பரிசுப் பணமும் நடுவர் கட்டணமும் பாக்கி இல்லை. ஆனால் வேன் ஓட்டியவருக்கு நான்கு மாத வாடகை நிற்கிறது, தண்ணீர் ஊற்றிய பெரியவருக்கு இரண்டு மாதம். பெரியவர் அதைப் பற்றிக் குறைகூடச் சொல்லவில்லை. முதலாளி நல்லவர், கூட இருந்தவர்கள்தாம் சரியில்லை என்றார். கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டதற்கு அவர் சொன்ன மூன்று பெயர்களில் இரண்டு, எங்களிடம் பேசவந்த குழுவிலும் இருக்கின்றன.

பொதுக்குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் அப்படியே வாசித்துக் காட்டினேன். காரசாரமாகத்தான் நடந்தது. வரவேற்பு விழாவைத் தள்ளிவைப்பது என்றும், வேன்காரருக்கும் பெரியவருக்கும் உரிய பாக்கியைத் தீர்த்தால் மேற்கொண்டு பேசுவது என்றும், பெயர், சீருடை நிறம், ஆடுகளம் மூன்றும் எந்த ஒப்பந்தத்திலும் சேராது என்றும், ஓராண்டுச் சம்பளத் தொகையை முன்கூட்டியே வங்கியில் வைப்பாகப் போட வேண்டும் என்றும் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறோம். கோட்டையூர் நண்பரின் கேள்வியையும் மறக்கவில்லை. அவர் வராவிட்டாலும் கழகம் நடக்க வேண்டும் என்பதற்காக, வெளிநாட்டில் இருக்கும் பழைய வீரர்களிடம் ஆண்டுச் சந்தா கேட்பதென்று தீர்மானம் போட்டிருக்கிறோம். நிலத்துக்குரிய பங்காளிகளில் மூத்தவர் ஒருவரைப் பார்த்து, பெயரளவு வாடகைக்காவது குத்தகைப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறோம். வைகாசிக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம் என்றார்.

பாக்கியைத் தீர்ப்பதாக மறுநாளே பதில் வந்தது. மற்ற இரண்டைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. நாதசுரக்காரர் மட்டும் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். தேதியை மாற்றினால் வாசிப்பாராம். எந்தத் தேதி என்று அவரிடம் நான் என்ன சொல்வது?